கடைசி மேஜை ஆட்டம்

சதுரங்கப் போட்டி நடக்கும் மண்டபத்துக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முன் வரிசையில் உள்ள பத்துப் பன்னிரண்டு மேஜைகளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். பட்டம் பெற்றவர்கள் அங்கே ஆடுகிறார்கள். பரிசுப் பணம் அங்கேதான் பங்காகிறது. புகைப்படம் எடுப்பவரும் அங்கேயே நிற்கிறார். மண்டபத்தின் மறுகோடியில், மின்விசிறிக் காற்றுகூடச் சரியாக எட்டாத மூலையில், நூறுக்கு மேல் எண் இட்ட மேஜைகள் கிடக்கின்றன. அங்கேயும் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, மணிக்கணக்காக யோசிக்கிறார்கள். ஒருவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒருவன் கால் தரையில் எட்டாத எட்டு வயதுப் பையன். ஒன்பது சுற்றுகளில் எட்டு முடிந்துவிட்டன. இந்த மேஜைகளில் இருப்பவர்களுக்குப் பரிசு இல்லை, பட்டம் இல்லை, பார்ப்பவரும் இல்லை. ஆயினும் உலகமே அந்த அறுபத்து நான்கு கட்டங்களில் அடங்கிவிட்டதுபோல் அவர்கள் ஆடுகிறார்கள்.

இவர்களைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். ஒன்றும் கிடைக்காத ஆட்டத்தை, யாரும் பார்க்காத இடத்தில், ஒருவன் முழு மனதோடும் நேர்மையோடும் ஏன் ஆட வேண்டும்?

இது சதுரங்கக்காரருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம்மில் பெரும்பாலோர் வாழ்வது கடைசி மேஜைகளில்தான். நாம் செய்யும் வேலையில் நாம் முதல்வர் அல்ல. பாடகர் குழுவில் நம் குரல் தனித்துக் கேட்பதில்லை. நாம் தைக்கும் சட்டையோ எழுதும் கணக்கோ சரித்திரத்தில் இடம் பெறப் போவதில்லை. ஆகையால் சதுரங்கத்தை ஓர் உதாரணமாக வைத்துக்கொண்டு, இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

வீண் பொழுதா?

முதலாவது, சதுரங்கம் ஆடுவதே வீண் என்று சொல்லுவோர் உண்டு. இது புதிய குற்றச்சாட்டு அல்ல. 11ஆம் நூற்றாண்டில் அர்ச். பீட்டர் தமியான் என்னும் கர்தினால், பிளாரன்ஸ் நகரத்து மேற்றிராணியார் சதுரங்கம் ஆடியதற்காக அவரைக் கடுமையாகக் கண்டித்தார். மேற்றிராணியாரோ, "பகடை வேறு, சதுரங்கம் வேறு" என்ற கருத்தில் நியாயம் பேசினார். கர்தினால் அதை ஏற்கவில்லை. சங்கீதங்கள் முழுவதையும் மூன்று முறை ஓதவும், பன்னிரண்டு ஏழைகளின் பாதங்களைக் கழுவித் தருமம் செய்யவும் அபராதம் விதித்தார். மேற்றிராணியாரும் பணிந்தார்.

ஆனால் திருச்சபையின் சாஸ்திரிகள் எல்லோரும் அதே கண்டிப்போடு பேசவில்லை. அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் விளையாட்டைப் பற்றி எழுதும்போது, உடல் உழைத்தால் களைப்பதுபோல் புத்தியும் உழைத்தால் களைக்கிறது என்றும், புத்தியின் இளைப்பாறுதலுக்கு விளையாட்டு அவசியம் என்றும், அதில் அளவோடு நிற்பது ஒரு புண்ணியமே என்றும் காட்டுகிறார். எப்போதும் இழுத்துக் கட்டிய வில் முறிந்துபோகும் என்ற பழைய உவமையை அவரும் எடுத்தாளுகிறார். 16ஆம் நூற்றாண்டில் ரூய் லோபஸ் என்ற ஸ்பானிய குருவானவர் சதுரங்கத்தில் தம் காலத்தின் சிறந்த ஆட்டக்காரராய் விளங்கி, 1561இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற தொடக்கமுறை ஒன்றுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அர்ச். அவிலா தெரேசம்மாள் தம் மடத்துச் சகோதரிகளுக்கு ஜெபத்தைப் பற்றிப் போதிக்கும்போது சதுரங்கத்தையே உவமையாகக் கொண்டார்.

இவர்கள் எல்லோரிலும் நமக்கு மிகவும் பயன்படக்கூடியவர் அர்ச். பிரான்சிஸ் சலேசியார். இல்லறத்தாருக்கென்று 1609இல் வெளியிட்ட பக்தி நூலில், சதுரங்கத்தை அவர் நல்ல பொழுதுபோக்குகளின் வரிசையில் சேர்க்கிறார். உடனே ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: அதிக நேரம் ஆடினால் அது பொழுதுபோக்காய் இராமல் தொழிலாகிவிடும், ஐந்தாறு மணி நேரம் சதுரங்கம் ஆடியவன் புத்தி வறண்டு, களைத்து எழுந்திருக்கிறான் என்கிறார்.

இந்த எச்சரிக்கை போட்டி ஆட்டக்காரரை நேராகத் தாக்குகிறது. இன்றைய போட்டிகளில் சாதாரணமாக ஒவ்வொருவருக்கும் 90 நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 விநாடியும் தரப்படுகின்றன. ஓர் ஆட்டம் நான்கு மணி நேரம் போகலாம். ஒரு நாளில் இரண்டு சுற்றுகள் இருந்தால் எட்டு மணி நேரம். அர்ச். சலேசியார் சொன்ன அளவை அது தாண்டிவிட்டது. இரவில் படுத்தால் கண்ணுக்குள் குதிரையும் யானையும் நடமாடும். ஆகையால், "நான் ஓய்வுக்காகத்தான் போட்டிக்குப் போகிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்லித் தப்ப முடியாது. மாலையில் திண்ணையில் நண்பனோடு ஆடும் ஆட்டம் ஓய்வு. போட்டி ஆட்டம் உழைப்பு. உழைப்பு என்றால், அதற்கு உழைப்புக்குரிய நியாயம் இருக்க வேண்டும்.

நேசிப்பவன்

அந்த நியாயம் பணம் அல்ல. நுழைவுக் கட்டணம், ரயில் செலவு, தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் கடைசி மேஜைக்காரருக்கு ஒவ்வொரு போட்டியும் நஷ்டமே. புகழும் அல்ல. அப்படியானால் எது?

தொழில்முறையில் ஆடாதவரை உலகம் 'அமெச்சூர்' என்று அழைக்கிறது. இந்நாளில் அந்தச் சொல்லில் சற்று ஏளனம் கலந்துவிட்டது. அரைகுறை என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அதன் பொருள் 'நேசிப்பவன்' என்பதே. வேறொன்றுக்காகச் செய்யாமல், அந்தக் காரியத்தின் பொருட்டே அதைச் செய்பவன் அவன்.

"நேசிக்கலாம்; ஆனால் நன்றாகச் செய்யத் தெரியாததை நேசித்து என்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம். இதற்கு நம் காலமே ஒரு விசித்திரமான பதிலைத் தந்திருக்கிறது. 1997ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில், அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை 'டீப் புளூ' என்னும் கணினி ஆறு ஆட்டங்கள் கொண்ட பந்தயத்தில் மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் வென்றது. இன்றோ, நம் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியிலுள்ள சதுரங்க நிரல், உலக சாம்பியனைவிட நன்றாக ஆடும். சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டத்தின் முழு நோக்கம் என்றால், சாம்பியனும் ஆடவேண்டியதில்லை. யந்திரத்துக்கு முன்னால் முதல் மேஜையும் கடைசி மேஜையே. ஆயினும் மனிதர் ஆடுவதை நிறுத்தவில்லை. ஆட்டத்தின் மதிப்பு பலகையில் விழும் நகர்த்தலில் மட்டும் அடங்கவில்லை, அதைத் தேடும் மனிதனுக்குள்ளே நடப்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமோ? அப்படியானால் கடைசி மேஜையில் உண்மையாகத் தேடுகிறவன், முதல் மேஜைக்காரன் பெறும் நன்மையில் ஒரு பங்கை அல்ல, அதன் சாரத்தையே பெறக்கூடும்.

எண் என்ன சொல்லுகிறது?

ஆனால் அந்த நன்மையைக் கெடுக்க வல்ல சோதனைகள் பல. அவற்றுள் முதலாவது ஓர் எண். சதுரங்கக்காரர் அதை 'ரேட்டிங்' என்பர்.

இந்த முறையை வகுத்தவர் ஆர்பாட் ஈலோ. ஹங்கேரியில் 1903இல் பிறந்து அமெரிக்கா சென்று, மில்வாக்கி நகரில் சேசு சபையாரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்தவர். அவரும் ஓர் அமெச்சூர் ஆட்டக்காரரே. அவருடைய முறையை அமெரிக்கச் சங்கம் 1960இலும், உலகச் சங்கம் 1970இலும் ஏற்றுக்கொண்டன. முறை எளியது. இருவருக்கும் இடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டங்களில் மேலானவர் ஏறத்தாழ 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. வளர்ந்த சாதாரண ஆட்டக்காரர் இருவர் ஆடும்போது, 1700 உள்ளவர் 1500 உள்ளவரை வென்றால் அவருக்கு ஐந்துக்கும் குறைவான புள்ளியே கூடும்; தோற்றால் பதினைந்துக்கு மேல் போய்விடும்.

இது மனிதனின் ஆட்டத்தை அளக்கச் செய்த கோல். மனிதனை அளக்கச் செய்தது அல்ல. ஆனால் கோல் கையில் வந்துவிட்டால் மனிதன் தன்னையே அதில் நிறுத்திப் பார்க்கத் தொடங்குகிறான். எதிரே ஒரு சிறுவன் வந்து அமர்ந்தால், "இவனிடம் தோற்றால் என் எண் என்ன ஆகும்?" என்று நடுங்குகிறான். எண் இறங்கிவிடுமோ என்று ஆடவே அஞ்சி, வருடக்கணக்காக வீட்டில் அமர்ந்திருப்பவரும் உண்டு. நேசித்த ஆட்டத்தை விட்டு, அதன் நிழலைக் காவல் காக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான பாவமும் உண்டு. நம் நாட்டில் 1600க்குக் குறைந்த ரேட்டிங் உள்ளவர்களுக்கென்றே தனிப் போட்டிகள் நடக்கின்றன. மொத்தப் பரிசு லட்சக்கணக்கில் இருப்பதுண்டு. எளியவருக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. ஆனால் 1800 அளவுக்கு ஆடத் தெரிந்தவன், வேறு போட்டிகளில் வேண்டுமென்றே தோற்றுத் தன் எண்ணைத் தாழ்த்திக்கொண்டு, இங்கே வந்து பரிசைத் தட்டிப்போனால் அது என்ன? "நான் விதி எதையும் மீறவில்லை, தோற்பது என் உரிமை" என்று அவன் சொல்லுவான். யோசித்துப் பாருங்கள். வேண்டுமென்று தோற்ற ஒவ்வோர் ஆட்டத்திலும், பெறாத வெற்றியை எதிராளிக்குப் பெற்றதாகக் காட்டினான், அது பொய். அந்தப் போட்டியில் பரிசுக்காக நேர்மையாய்ப் போராடிய மூன்றாம் ஆள் ஒருவரின் இடத்தைக் குலைத்தான், அது அநியாயம். பின்பு உண்மையிலேயே எளியவரின் பரிசை எடுத்தான், அது களவு. தராசைப் பொய்யாக்கும் வியாபாரிக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஆட்டத்தைச் சமனில் முடிப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. கடைசிச் சுற்றில் நண்பர் இருவர், "நமக்குள் அரைப்புள்ளி வீதம் எடுத்துக்கொண்டால் இருவருக்கும் பரிசு" என்று முடிவு செய்கிறார்கள். இருவரும் சம்மதித்தார்கள், யாருக்கு என்ன கேடு என்று கேட்கிறார்கள். பக்கத்து மேஜையில் நான்கு மணி நேரம் வியர்வை சிந்தியவருக்குக் கேடு. அவர் அங்கே இல்லாததால் அவருடைய உரிமையும் இல்லாமல் போய்விடாது. ஆடி முடித்த பிறகு, பலகையில் இருவருக்கும் வழி இல்லாதபோது சமன் கேட்பது வேறு. ஆடாமலே ஆட்டத்தை விற்பது வேறு.

சாட்சி இல்லாத இடம்

இரண்டாவது சோதனை, பார்ப்பவர் இல்லாமை. 'தொட்ட காயை ஆட வேண்டும்' என்பது போட்டிச் சதுரங்கத்தின் பழைய விதி. காயை நேராக்கி வைக்க விரும்பினால், முன்னதாகவே அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காயைக் கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால், அதை மாற்ற முடியாது. இதெல்லாம் முதல் மேஜைகளில் சுலபம். கடைசி மேஜைகளிலோ, பல பலகைகளுக்கு ஒரு நடுவர். ஒருவன் குதிரையைத் தொட்டுவிட்டு, ஆபத்தை உணர்ந்து கையை இழுத்துக்கொண்டு, "நான் தொடவில்லை" என்றால், எதிராளியின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. நடுவர் வந்தாலும், ஒருவர் ஆம் என்றும் மற்றவர் இல்லை என்றும் சொல்ல, அவர் என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?

பெரியவர்களுக்கும் இந்தச் சோதனை வந்ததுண்டு. 1994இல் ஸ்பெயினின் லினாரஸ் நகரத்துப் போட்டியில், உலகின் முதல் ஆட்டக்காரரான காஸ்பரோவ், 17 வயதுப் பெண் ஜூடித் போல்காருக்கு எதிராகக் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, விநாடியில் கால் பங்கு நேரம் கையை எடுத்துவிட்டு, மறுபடி பிடித்து வேறு கட்டத்தில் வைத்தார். ஒளிப்பதிவு அதைப் பின்னர் காட்டியது. அந்தப் பெண் அப்போது முறையிடவில்லை, ஆட்டத்தில் தோற்றார். கையை எடுத்தது தமக்குத் தெரியவில்லை என்றார் காஸ்பரோவ். அவருடைய உள்ளத்தை நாம் தீர்ப்பிட வேண்டாம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அங்கே புகைப்படக் கருவி இருந்தது. கடைசி மேஜையில் அதுவும் இல்லை.

எட்டாங் கற்பனை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. "நான் தொட்டேன்" என்று ஒருவன் சாட்சியின்றித் தானே சொல்லும் அந்த நேரத்தில், அவன் ஒரு குதிரையை இழக்கிறான். ஒருவேளை ஆட்டத்தையும் இழக்கிறான். ஆனால் அவனுடைய வார்த்தைக்கும் அவனுக்கும் இடையே பிளவு உண்டாகவில்லை. பெரிய விஷயங்களில் உண்மையாயிருப்பேன், சிறு விஷயங்களில் விட்டுக்கொடுப்பேன் என்பவன், பெரிய விஷயம் வரும்போது பழக்கமில்லாத கையோடு நிற்பான். கடைசி மேஜையில் பணயம் சிறியது. ஆகையால் உண்மையைப் பழகிக்கொள்ள அதுவே ஏற்ற இடம். அங்கே பழகாதவன் எங்கே போகக்கூடும் என்பதற்கு 2019ஆம் ஆண்டு ஒரு துக்கமான உதாரணம் தந்தது. பிரான்ஸ் நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரில், ஐம்பது வயது கடந்த ஒரு கிராண்ட்மாஸ்டர், ஆட்டத்தின் நடுவே கழிப்பறையில் கைபேசியோடு பிடிபட்டார். பட்டம் பறிக்கப்பட்டது, ஆறு ஆண்டுகள் ஆடத் தடை விதிக்கப்பட்டது.

இங்கே ஒரு நுட்பமான சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுவது நல்லது. எதிராளி தன் நகர்த்தலைச் செய்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டான். அவனுடைய நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்குச் சொல்ல வேண்டுமா? நல்ல ஆட்டக்காரரிடையிலும் இதில் இரண்டு கருத்து உண்டு. எதிராளி ராணியைக் கவனியாமல் இழந்தால் நாம் எடுத்துக்கொள்ளுகிறோம். அதில் அநீதி இல்லை, ஏனெனில் இருவரும் சம்மதித்து இறங்கிய பந்தயத்தின் பொருளே அது. கடிகாரமும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். ஆகவே சொல்லாதவன் நீதிக்கு விரோதமாக நடக்கவில்லை. ஆனால் நீதி வற்புறுத்தாத இடத்தில் அன்பு அழைக்கக்கூடும். கையை மெல்ல நீட்டிக் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டுபவன், எதிராளியை அவனுடைய மறதியால் அல்ல, அவனுடைய ஆட்டத்தில் வெல்ல விரும்புகிறான். ஒன்று மட்டும் கண்டிப்பு: நண்பனுக்குச் சொல்லி, பிடிக்காதவனுக்குச் சொல்லாமல் இருக்கலாகாது. 1497இல் வெளியான லூசேனாவின் சதுரங்க நூல், எதிராளியின் கண்ணில் வெளிச்சம் படும்படி பலகையை வைக்கச் சொல்லிக் கொடுத்தது. அந்தப் புத்திமதியை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

தோற்றேன் என்று சொல்லுதல்

மூன்றாவது சோதனை தோல்வி. வேறு விளையாட்டுகளில் தோல்வியை நடுவரின் ஊதுகுழல் அறிவிக்கும். சதுரங்கத்தில் பெரும்பாலும் தோற்றவனே அதை அறிவிக்கிறான். ராஜா கட்டுண்டு போகும்வரை காத்திராமல், "நான் தோற்றேன்" என்று கை நீட்டுகிறான். பிறகு ஆட்டத்தை எழுதி வந்த தாளில் முடிவைக் குறித்துத் தன் கையெழுத்தையும் இடுகிறான். அமெச்சூர் ஆட்டக்காரர் ஒரு வருடத்தில் இதை எத்தனை முறை செய்கிறார்!

1895இல் சூரிச் நகரில் முதலில் கையாளப்பட்டதாகச் சொல்லப்படும் 'சுவிஸ் முறை'யில்தான் இன்றைய பெரிய போட்டிகள் நடக்கின்றன. அந்த முறையில் தோற்றவன் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. ஏறத்தாழ ஒரே அளவு புள்ளி உள்ளவர்கள் அடுத்த சுற்றில் எதிரெதிரே அமர்கிறார்கள். காலையில் தோற்றவன் மாலையில் மறுபடி காய்களை அடுக்கி, தன்னைப்போலவே தோற்று வந்த ஒருவனுக்குக் கை கொடுக்கிறான். மனிதனுக்கு இதைவிட ஆரோக்கியமான பயிற்சி எது?

மற்ற விளையாட்டுகளில் பழி போட ஏதாவது கிடைக்கும்: காற்று, மழை, தரை, துணையாள். சதுரங்கத்தில் பகடையும் இல்லை, மறைத்த சீட்டும் இல்லை. இருவருக்கும் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. ஆயினும் நம் தற்பெருமை சும்மா இராது. தலைவலி, வெளியில் சத்தம், எதிராளி மேஜையை ஆட்டினான், பையன் மூக்கை உறிஞ்சினான் என்று காரணம் தேடும். ஒரு சதுரங்கக்காரரிடம் அவருடைய தோல்விகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடல் நலத்தோடு அவர் தோற்ற நாள் அபூர்வமாயிருக்கும்! தான் எழுதிய தாள் தன் முன் இருக்க, "இருபத்து மூன்றாவது நகர்த்தலில் நான் அவசரப்பட்டேன்" என்று தனக்குத் தானே சொல்லக் கற்றவன், அலுவலகத்திலும் வீட்டிலும் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளுவதில் பாதி வழி வந்துவிட்டான்.

இதில் மிக அழகான பழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்தபின் வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து உட்கார்ந்து, காய்களை மறுபடி அடுக்கி, எங்கே தவறு நேர்ந்தது என்று ஆராய்வார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்த்தவர்கள் இப்போது ஒரே உண்மையைத் தேடுகிறார்கள். தோற்றவர், "இங்கே சிப்பாயைத் தள்ளியிருந்தால்?" என்பார். வென்றவர் சற்று யோசித்து, "ஆமாம், அப்போது நான் தோற்றிருப்பேன்" என்று தாராளமாய் ஒப்புக்கொள்ளுவார். சண்டை முடிந்தபின் இப்படி உட்காரத் தெரிந்த கணவன் மனைவியும், அண்ணன் தம்பியும், பங்காளிகளும் எத்தனை பேர்?

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிங்கப்பூரில், நம் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18ஆம் வயதில் உலக சாம்பியனானதை எல்லோரும் அறிவோம். பதினான்காம் ஆட்டத்தில், சமனாய் முடியவேண்டிய நிலையில், சீன வீரர் டிங் லிரென் யானையைத் தவறாக நகர்த்தினார், பட்டம் கைமாறியது. வென்றவர் கண்ணீரோடு பலகையில் காய்களை மறுபடி ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார். தோற்றவர் சாக்குச் சொல்லாமல் தோல்வியை ஏற்றுக்கொண்டார். உலகமே பார்த்த அந்த மேஜையில் இருவரும் செய்தது, கடைசி மேஜையில் நாளும் நடக்க வேண்டிய காரியமே.

வாசலில் நிற்கும் பெற்றோர்

இதுவரை சொன்னது பெரியவர்களுக்கு. ஆனால் இன்று தமிழ்நாட்டுப் போட்டி மண்டபங்களில் பாதிக்கு மேல் சிறுவர்களோ என்று தோன்றும் அளவுக்குப் பிள்ளைகள் கூட்டம். தமிழ்நாட்டில் வளர்ந்த மேனுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். தாயிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் மாமல்லபுரத்தில் உலக ஒலிம்பியாடே நடந்தது. ஆகையால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாம்பியன் பிறந்திருப்பதாகப் பெற்றோர் எண்ணுவதில் ஆச்சரியமில்லை.

பெற்றோர் மண்டபத்துக்கு உள்ளே போக முடியாது. வாசலில், மரத்தடியில், படிக்கட்டில் சாப்பாட்டுப் பையோடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் காத்திருப்பார்கள். அந்தத் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை வெளியே வந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி எது? "ஜெயிச்சியா?" பிள்ளை தலை குனிந்தால் சில முகங்கள் அங்கேயே மாறிவிடும். எல்லோர் முன்னிலையிலும் திட்டு. சில நேரம் அடி. எட்டு வயதுப் பிள்ளை அந்த நிமிஷத்தில் என்ன கற்றுக்கொள்ளுகிறது? என் அப்பாவின் அன்பு என் புள்ளியைப் பொறுத்தது என்று கற்றுக்கொள்ளுகிறது. அடுத்த முறை தொட்ட காயைத் தொடவில்லை என்று சொல்லக் கற்றுக்கொள்ளுகிறது. பொய் சொன்னது பிள்ளையாயிருக்கலாம். அந்தப் பொய்யை விதைத்தது யார்?

பெற்றோரே, அந்தப் பிள்ளை நூறாவது மேஜையில் நான்கு மணி நேரம் தன்னந்தனியாய்ப் போராடிவிட்டு வருகிறது. முதலில் தண்ணீர் கொடுங்கள். "சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். ஆட்டம் நன்றாயிருந்ததா என்று பிறகு கேளுங்கள். முடிவைப் பிள்ளையே சொல்லும். உங்கள் பிள்ளை கிராண்ட்மாஸ்டர் ஆகாமல் போகலாம், பெரும்பாலும் ஆகாது. ஆனால் தோற்றபின் கை கொடுக்கத் தெரிந்த, சாட்சி இல்லாத இடத்தில் உண்மை பேசத் தெரிந்த மனிதனாக வளரலாம். அந்தப் பட்டத்தைக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வீட்டுக் கணக்கு

கடைசியாக, போட்டி ஆட்டம் உழைப்பு என்று சொன்னோம். உழைப்புக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் யாருடையது? ஞாயிற்றுக்கிழமைகளிலும் போட்டிகள் நடக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு முதல் சுற்று என்றால், முதல் பூசைக்குப் போக மனமுள்ளவனுக்கு வழி உண்டு. மனமில்லாதவனுக்குச் சாக்கு உண்டு. மனைவி வாரம் முழுவதும் தனியாய்ச் சுமந்த வீட்டை ஞாயிறன்றும் தனியாய்ச் சுமக்கிறாளா? வயதான தாய் மகனோடு பேச அந்த ஒரு நாளுக்குக் காத்திருந்தாளா? கட்டணப் பணம் எந்தச் செலவைக் குறைத்து எடுக்கப்பட்டது? இந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்ல முடிந்தவன், வருடத்தில் இரண்டு மூன்று போட்டிக்குச் சந்தோஷமாய்ப் போகட்டும். சொல்ல முடியாதவன் அந்த வாரம் திண்ணையில் நண்பனோடு ஆடட்டும். நேசம் என்று சொல்லிக்கொண்டு நம்மை நேசிப்பவர்களைக் கொள்ளையிடுவது நேசம் ஆகாது.

ஆக, நம் கேள்விக்குப் பதில் இதுவே. கடைசி மேஜை ஆட்டத்தால் கிடைப்பது ஒன்றுமில்லை என்று நினைப்பது தவறு. பரிசு இல்லாததால் பேராசை விலகி நிற்கிறது. பார்ப்பவர் இல்லாததால் வீண் புகழ் விலகி நிற்கிறது. மிஞ்சி நிற்பது மனிதனும் அவனுடைய மனச்சாட்சியும் மட்டுமே. அங்கே அவன் நேர்மையாய் ஆடினால், அந்த நேர்மையில் கலப்படம் இல்லை. உங்கள் அலுவலக மேஜையும், தையல் யந்திரமும், சமையலறை அடுப்பும் இதே போன்ற மேஜைகள்தான். யாரும் எட்டிப் பார்க்காத அந்த இடத்தில் நாளைக் காலை உட்காரும்போது, உங்கள் முழு மனதையும் அதில் வையுங்கள். சர்வேசுரன் அந்த மேஜையைக் கடந்து போய்விடுவதில்லை.